தொண்ணூற்றொன்பது புள்ளியில் ஒரு கவசம்

உல்தானா கைப்பையைத் திறந்து, சாம்பல் நிறக் கம்பளி நூல் உருண்டை ஒன்றையும் இரண்டு பின்னல் ஊசிகளையும் எடுத்துச் சமையலறை மேஜைமேல் வைத்தாள். ஒரின்பாய் அவற்றைப் பார்த்தான். பிறகு மடிக்கணினித் திரையில் நின்றுகொண்டிருந்த தன் வீரனைப் பார்த்தான்.

"என்ன இது?"

"பைகசி. புதுச் சட்டையைக் காட்டிட்டீங்க, சும்மா போக முடியுமா அத்தான்? முழங்கையில கிழிஞ்சா இதை வச்சுப் பின்னிக்கட்டும்."

கஸாக்ஸ்தானின் கராகந்தி நகரத்தில் ஒருவர் புதிதாக எதையாவது உடுத்தினாலோ வாங்கினாலோ, முதலில் பார்ப்பவர் கையில் இருப்பதைக் கொடுத்தாக வேண்டும். அதுதான் பைகசி. ஒரு பொத்தான், ஒரு மிட்டாய், மனசு பெரிதாக இருந்தால் ஆயிரம் தெங்கே நோட்டு. கொடுக்காமல் போனால் புதுச் சாமானை மதிக்கவில்லை என்று அர்த்தம். அதே அளவு உறுதியான இன்னொரு வழக்கமும் உண்டு. மனைவியின் தங்கை, அக்காள் புருஷனை எவ்வளவு வேண்டுமானாலும் கிண்டல் செய்யலாம். அவனுக்குக் கோபம் வரக் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டது மட்டும் உல்தானாவின் சொந்தக் கண்டுபிடிப்பு. சந்தையில் அவளுக்குத் தையல் சாமான் கடை இருந்ததால் சரக்குக்கும் பஞ்சமில்லை.

வீரன், கைபேசியில் ஆடும் ஒரு விளையாட்டின் நாயகன். அவன் உயரம் முப்பத்திரண்டு பிக்சல். தொப்பி, மீசை, ஈட்டி, பூட்ஸ் எல்லாம் போக உடம்புக்கு மிஞ்சியது அகலத்தில் பதினொன்று, உயரத்தில் ஒன்பது. மொத்தம் தொண்ணூற்றொன்பது சதுரப் புள்ளிகள். அதற்குள், ஐந்தே ஐந்து சாம்பல் நிறங்களில், இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த கவசம் தெரிய வேண்டும். ஒரின்பாய் ஒரு புள்ளி வெளுப்பு, ஒரு புள்ளி கறுப்பு என்று சதுரங்கப் பலகை மாதிரி நிரப்பியிருந்தான். பதினாறு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தபோது பிரமாதமாக இருந்தது. இந்தத் தொழிலில் இருக்கிற அத்தனை பேரும் ஒரு தடவையாவது விழுகிற குழி அது. நாள் முழுக்கப் பெரிதாக்கியே பார்த்துக்கொண்டிருந்தால், ஆடுகிறவன் அதைக் கட்டைவிரல் நகத்தளவில்தான் பார்க்கப் போகிறான் என்பது மறந்து போகும். உல்தானாவுக்கு மறப்பதற்கு எதுவும் இல்லை. அவள் குளிர்பெட்டியில் சாய்ந்து, பால் தேநீரை உறிஞ்சிக்கொண்டு, அங்கிருந்தே பார்ப்பாள். அங்கிருந்து பார்த்தால் வீரன் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போருக்குக் கிளம்பியிருந்தான்.

ஒரின்பாய்க்கு முப்பத்தேழு வயது. அதில் பதினான்கு வருடம் பல்செட் செய்வதில் போயிருந்தது. பள்ளியில் கணக்கு நோட்டின் கட்டங்களைப் பென்சிலால் நிரப்பிக் குதிரையும் டாங்கியும் செய்தவன். 'டாங்கி சரி, விடை தப்பு' என்று ஆசிரியை சிவப்பு மையில் எழுதிக் கொடுத்த பக்கத்தை அவன் அம்மா இன்னும் வைத்திருக்கிறாள். பல்செட் பட்டறையிலும் கை சும்மா இருக்கவில்லை. ஒருமுறை உல்தானாவின் கடைக்காகக் குறுக்குத் தையலுக்கான மாதிரிப் படம் ஒன்று வரைந்து கொடுத்தான். பாயும் குதிரை; கட்டம் கட்டமாக, நான்கு நிறம். அதை வாங்கிப் போன ஓர் அம்மாள் தலையணை உறையில் தைத்தாள். அந்தத் தலையணையில் படுத்துக்கொண்டிருந்த அவளுடைய மகன் ருஸ்தெம், இருபத்தாறு வயதுக்காரன், கைபேசி விளையாட்டு செய்வதற்காகக் கார் பேட்டரிக் கடை மாடியில் ஒரு அறை பிடித்திருந்தான். "இந்தக் குதிரையை யாரும்மா வரைஞ்சா?" என்று கேட்டுக்கொண்டு நேராகக் கடைக்கு வந்துவிட்டான். இப்படியாக ஒரு தலையணை ஒரின்பாயின் பிழைப்பை மாற்றியது.

பட்டறையை நடத்தும் லிதியா கார்லொவ்னா அவனுக்கு ஒரு வருட விடுப்புக் கொடுத்தாள். "பல்லு எங்கயும் ஓடிடாது. நவ்ரிஸ் பண்டிகைக்கு முன்னால வந்து சேரு, இல்ல வரலைன்னு சொல்லு," என்றாள். ஒரின்பாயின் மனைவி நாஸிராவும் அதே கெடுவைத்தான் ஒப்புக்கொண்டாள். அந்த ஒரு வருடம் வரும் திங்கட்கிழமையோடு முடிகிறது.

குதிரைகள் வந்துவிட்டன. கூடாரங்கள், மலைகள், ஓநாய்கள் எல்லாம் வந்துவிட்டன. கவசம் மட்டும் வரவில்லை. அந்த விளையாட்டின் உயிரே கவசத்தில்தான் இருந்தது. வீரன் அடி வாங்கும்போதெல்லாம் வளையம் தெறிக்கும். தெறித்த வளையத்தைப் பொறுக்கிக்கொண்டு வந்தால்தான் அடுத்த கட்டம். ஸ்வெட்டரிலிருந்து வளையம் தெறித்தால் ஆடுகிறவன் சிரிப்பான்.

கம்பளி உருண்டைக்குப் பிறகு ஒரின்பாய் அருங்காட்சியகத்துக்குப் போனான். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் உண்மையான கவசம் ஒன்று தொங்குகிறது. கண்ணாடியில் மூக்கு படியும்படி நின்று, ஒரு சாண் பரப்பில் எத்தனை வளையம் என்று எண்ணினான். காவலுக்கு இருந்த அம்மாள் இரண்டு முறை வந்து கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போனாள். பெருக்கிப் பார்த்ததில் இருபத்திரண்டாயிரம் சொச்சம் வந்தது. வீட்டுக்கு வந்து இருபத்திரண்டாயிரத்தைத் தொண்ணூற்றொன்பதுக்குள் அடைக்க முயன்றான். பல்செட் செய்தவனுக்கு நுணுக்கத்தில் நம்பிக்கை அதிகம். ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு வளைவு என்று வரிசை வரிசையாக அடுக்கினான். உல்தானா குளிர்பெட்டியிலிருந்து பார்த்துவிட்டு, அலமாரியைத் திறந்து உப்பு டப்பாவை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். அவனுடைய வீட்டு உப்பையே அவனுக்குக் கொடுத்தது அந்த ஒரு தடவைதான்.

"மீனா?" என்றான்.

"நல்ல மீன் அத்தான். செதில் எல்லாம் தெளிவா இருக்கு."

மூன்றாவது கவசம் கிட்டத்தட்ட ஜெயித்தது. வெளிச்சம் விழும் தோளில் கொஞ்சம் புள்ளிகள், நிழலில் கொஞ்சம் என்று பிரித்துப் போட்டிருந்தான். புதன்கிழமை மாலை வந்த உல்தானா நெடுநேரம் பார்த்தாள். பையை நோக்கிப் போன கை பாதியில் நின்றது.

"நடக்கச் சொல்லுங்க," என்றாள்.

ஒரு நடைக்கு ஆறு படம். ஆறையும் அடுத்தடுத்து ஓட்டினால் வீரன் நடப்பான். ஒரின்பாய் ஒவ்வொரு படத்திலும் கவசத்தின் புள்ளிகளைப் புதிதாக, ஆசை ஆசையாகப் போட்டிருந்தான். அதனால் ஒரு புள்ளியும் அடுத்த படத்தில் இருந்த இடத்தில் இல்லை. வீரன் காலைத் தூக்கியதும் அவன் உடம்பு முழுக்கப் புள்ளிகள் ஊர்ந்தன.

மறுநாள் காலை கடைக்குப் போகிற வழியில் உல்தானா எறும்பு மருந்துப் பொட்டலம் ஒன்றை வாசலில் நின்றபடியே நீட்டிவிட்டுப் போனாள்.

அந்தப் பொட்டலம் வந்தபோது ஒரின்பாய்க்குச் சிரிக்கத் தோன்றவில்லை. முந்தின இரவே ருஸ்தெம் தொலைபேசியில் விஷயத்தைச் சொல்லியிருந்தான். பதினொரு வயது மூத்தவனிடம் கடுமையாகப் பேச அவனுக்கு வராது. அதனால் வானிலை, அம்மாவின் முழங்கால், பேட்டரிக் கடைக்காரன் வாடகை கேட்கும் விதம் என்று எல்லாவற்றையும் சுற்றிவிட்டு விஷயத்துக்கு வந்தான். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மாதிரி விளையாட்டை அல்மாத்தியில் நடக்கும் விளையாட்டுக் கண்காட்சிக்கு அனுப்பியாக வேண்டும்.

"கவசம் அதுக்குள்ள வரலைன்னா தோல் கோட்டு போட்டுடலாம்ணே. வீரனுக்கும், அவன் படையில இருக்கிற மத்த முப்பத்தொன்பது பேருக்கும். தோல் கோட்டு போட்ட ஆளுங்க ரெடிமேடா விலைக்குக் கிடைக்கிறாங்க."

"அப்ப நான்?"

"குதிரை ரொம்ப நல்லா வந்திருக்குண்ணே," என்றான் ருஸ்தெம்.

ஒரின்பாய்க்குக் கணக்கு வராவிட்டாலும் இந்தக் கணக்கு விளங்கிவிட்டது. முப்பத்தொன்பது பேரும் கடையில் கிடைத்தால் வரைகிறவன் வேண்டாம். வரைகிறவன் வேண்டாமென்றால் திங்கட்கிழமை பல்செட்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு, எறும்பு மருந்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் கண்ணில் நாஸிராவின் கைபேசி பட்டது. அவள் அதை மேஜையிலேயே மறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை அவளுக்கு. வீட்டில் இருந்து வீரனை முறைப்பதைவிடச் சேற்றில் நடப்பது மேல் என்று கிளம்பினான்.

நாஸிரா கைபேசியை வாங்கிக்கொண்டாள். அவன் முகத்தைப் பார்த்தாள். வேலை கொடுத்தாள்.

"வந்ததும் வந்தீங்க, அதைத் தூக்கி அந்தக் கொக்கியில மாட்டுங்க. என்னால முடியல."

'அது' என்பது எக்ஸ்ரேக்காரர்கள் போட்டுக்கொள்ளும் ஈயக் கோட்டு. முன்னும் பின்னும் மறைத்து முழங்கால்வரை தொங்கும். ஒரின்பாய் ஒரு கையால் தூக்கப் பார்த்தான். வரவில்லை. இரண்டு கையாலும் தூக்கினான். எட்டுக் கிலோ இருக்கும். தூக்கியவன் கொக்கியை மறந்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"போட்டுப் பாக்கட்டுமா?"

"நம்ம கல்யாணத்துல இவ்வளவு ஆசையா கோட்டு போட்டீங்களான்னு யோசிச்சுப் பாக்கறேன்," என்றாள் நாஸிரா.

போட்டான். தோள் இரண்டும் இறங்கின. கழுத்து முன்னால் போனது. இடுப்பு வாரைக் கட்டி இழுத்ததும், பாரம் தோளிலிருந்து இடுப்புக்கு மாறியது. வாருக்கு மேலே கோட்டு பிதுங்கி ஒரு மடிப்பாகச் சரிந்து உட்கார்ந்தது. அறைக்குள் நாலு அடிக்கு மேல் நடக்க இடமில்லை. கதவைத் திறந்துகொண்டு தாழ்வாரத்துக்குப் போனான். கோடியில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருந்தது.

தாழ்வாரத்து பெஞ்சில் தாடையைப் பிடித்துக்கொண்டு ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் ஒரு மனிதன் ஈயக் கோட்டோடு, இல்லாத ஈட்டியைப் பிடித்தபடி, தன் முழங்காலையே பார்த்துக்கொண்டு போனான், திரும்பினான், மறுபடியும் போனான். கால் முன்னால் போன பிறகுதான் கோட்டின் விளிம்பு கிளம்பியது. கால் நின்ற பிறகும் அது ஒரு கணம் ஆடிவிட்டு நின்றது. ஒரின்பாய் சட்டென்று நின்றான், விளிம்பைப் பார்ப்பதற்காக. மறுபடி நடந்து மறுபடி நின்றான்.

"டாக்டர், இன்னும் எத்தனை பேருக்கு அப்புறம் நான்?" என்று கேட்டார் ஒரு சுரங்கத் தொழிலாளி.

"நான் டாக்டர் இல்லைங்க."

"அப்ப நீங்க எதுக்கு முன்னால நிக்கிறீங்க? வரிசையில வாங்க."

பெஞ்சு முழுக்க அதை ஆமோதித்தது. அந்த நேரம் பார்த்துத்தான் மாடிப்படியில் லிதியா கார்லொவ்னா ஏறி வந்தாள். மருத்துவமனைக்குக் கொடுக்க வேண்டிய பல்செட்டுகளை அட்டைப் பெட்டியில் வைத்திருந்தாள். ஒரின்பாயைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"இங்க வேலைக்குச் சேந்துட்டியா ஒரின்பாய்?"

"இல்லைங்க, நடந்து பாக்கறேன்."

"நல்லாத்தான் நடக்கிற. திங்கட்கிழமை அப்படியே பட்டறை வரைக்கும் நடந்து வந்துடு. உன் நாற்காலியில பூனை உக்காந்து பழகிடுச்சு."

அவள் பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்தபோது, மேலாக இருந்த செட் ஒன்று ஒரின்பாய் கண்ணில் பட்டது. முன்பற்களில் ஒன்று ஒரு மயிரிழை திரும்பியிருந்தது. அது அவனே பட்டறையில் பழக்கிவிட்டு வந்த வேலை. எல்லாப் பல்லும் ஒரே வரிசையில், ஒரே வெண்மையில் இருந்தால் எதிரே இருப்பவன் அரை நிமிடத்தில் பொய்ப்பல் என்று கண்டுபிடித்துவிடுவான். அதனால் ஒரின்பாய் ஒன்றைக் கொஞ்சம் திருப்புவான். ஈறு ஓரத்தில் கொஞ்சம் மங்க வைப்பான். உள்ளே, யாரும் பார்க்காத கடைவாயில், சும்மா விட்டுவிடுவான். பதினான்கு வருடம் வாய்க்குள் செய்ததை ஒரு வீரனின் மார்பில் செய்யத் தோன்றவில்லையே என்று அவனுக்கு வெட்கமாகப் போயிற்று. கோட்டைக் கழற்றி நாஸிராவின் கையில் கொடுத்தான். எட்டுக் கிலோவையும் தாங்கிக்கொண்டு அவள் ஏதோ சொன்னாள். அது காதில் விழுவதற்குள் படியிறங்கிவிட்டான்.

அன்று முழுக்க அந்த நடையைக் காகிதத்தில் வரைந்து பார்த்தான். வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாகப் பழைய கவசத்தை அழித்தான். அழிப்பது எளிதாக இல்லை. ஒவ்வொரு புள்ளியும் அவன் பெற்ற பிள்ளை. அக்குளிலும் வாருக்குக் கீழேயும் இருந்த வளையங்களை எடுத்துவிட்டு ஒரே இருட்டுச் சாம்பலாக நிரப்பினான். தோளில் வெளிச்சத்தை ஒரே பட்டையாக விட்டான். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற எல்லையில் மட்டும் புள்ளிகள் வைத்தான். எட்டுப் புள்ளி. ஒன்றுக்கொன்று சம தூரத்தில் இருந்ததைக் கண்டு, பல்லைத் திருப்புகிற மாதிரி ஒன்றை நகர்த்தினான், இன்னொன்றைத் தூக்கிவிட்டான். மிஞ்சியது ஏழு. வாருக்கு மேலே ஒரு புள்ளி பிதுக்கினான். விளிம்பை நேர்கோடாக விடாமல் ஒன்று ஏற, ஒன்று இறங்க வெட்டினான். தோளை ஒரு புள்ளி இறக்கினான்.

பிறகு நடை. ஏழு புள்ளிகளும் துணியோடு ஒட்டிக்கொண்டு போகும்படி ஆறு படத்திலும் அந்தந்த இடத்திலேயே வைத்தான். விளிம்பை மட்டும் ஒரு படம் பிந்தி வரச் செய்தான். வீரன் நின்ற பிறகு இன்னும் ஒரு படம் சேர்த்து, விளிம்பு ஆடி அடங்க விட்டான்.

பெரிதாக்கிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. சாம்பல் பூசின சாக்கு. கை தானாகப் பழைய படத்தைத் தேடியது. ஒரின்பாய் எழுந்து போய்க் குளிர்பெட்டியில் சாய்ந்து நின்று பார்த்தான். நன்றாக இருக்கிற மாதிரி இருந்தது. ஆனால் அந்த இடத்தில் நின்று தீர்ப்புச் சொல்லும் உரிமை அவனுக்கு இருப்பதாக அவனுக்கே தோன்றவில்லை.

மூன்று மணிக்கு உல்தானா வந்தாள். எண்ணெயில் பொரித்த பவுர்சாக் உருண்டை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு வழக்கமான இடத்தில் சாய்ந்தாள். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

"நடக்கச் சொல்லுங்க."

வீரன் நடந்தான்.

"நிக்கச் சொல்லுங்க."

நின்றான். விளிம்பு ஆடி அடங்கியது.

"இன்னொரு தடவை."

மூன்று தடவை பார்த்தாள். பையைத் திறந்தாள். உள்ளே துழாவினாள். எதையும் எடுக்காமல் மூடினாள். கடையை யாரும் பார்த்துக்கொள்ளவில்லை, போக வேண்டும் என்று சொல்லிவிட்டுச் பூட்ஸைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டாள்.

ஒரின்பாய் வெறும் மேஜையைப் பார்த்தான். கம்பளி வந்தது, உப்பு வந்தது, எறும்பு மருந்துகூட வந்தது. கிண்டலாக இருந்தாலும் அவை பைகசி. இந்தத் தடவை அதுவும் இல்லை. கிண்டலுக்குக்கூடத் தேறாத ஒன்றைப் பார்த்தால்தான் இந்த ஊரில் ஒருத்தி வெறுங்கையோடு போவாள்.

நான்கரைக்கு ருஸ்தெமிடமிருந்து செய்தி வந்தது: தோல் கோட்டா, இரும்பா? ஒரின்பாய் 'தோல் கோட்டு' என்று எழுதினான். அனுப்பவில்லை. வீரனை இன்னும் ஒரு முறை நடக்கவிட்டான். அவன் பாரத்தைச் சுமந்துகொண்டு, கொஞ்சம் கழுத்தை முன்னால் நீட்டி, நேற்று தாழ்வாரத்தில் இவன் நடந்த மாதிரியே நடந்தான். பல்லுக்குத் திரும்பிப் போவதானாலும் இந்த வீரனோடு சேர்ந்தே தோற்றால் பரவாயில்லை என்று ஒரின்பாய் நினைத்தான். எழுதியதை அழித்துவிட்டு, ஏழு படங்களையும் அனுப்பினான்.

ஐந்து மணி. ஐந்தரை. ருஸ்தெமிடமிருந்து 'வந்துச்சு' என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் இல்லை. நாஸிரா வேலை முடிந்து வந்து, அவன் முகத்தைப் பார்த்து, கேட்காமலே தேநீர் வைத்தாள்.

ஆறடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கதவு திறந்தது. உல்தானா. சந்தையிலிருந்து ஓடி வந்திருக்கிறாள். பூட்ஸ் முழுக்கச் சேறு. கையில் ஒரு சின்னத் தகர டப்பா, மூக்கு நீண்டது. தையல் மிஷினுக்கு விடும் எண்ணெய். அதை மடிக்கணினியின் பக்கத்தில் வைத்தாள்.

"பையில உருப்படியா எதுவும் இல்ல அத்தான். ஒரு பொத்தான் இருந்துச்சு, அதையா குடுக்கிறது? கடைக்குப் போனா கூட்டம், விடமாட்டேங்கிறாங்க." மூச்சு வாங்கினாள். "வெளியில ஈரமா இருக்கு. துடைச்சு எண்ணெய் போட்டு வைங்க. துருப் பிடிச்சிரும்."

ஒரின்பாய் டப்பாவைக் கையில் எடுத்தான். நாஸிரா திரையை எட்டிப் பார்த்தாள், வீரன் நடந்துகொண்டிருந்தான்.

"ஏய், இது எங்க ஆஸ்பத்திரி கோட்டு," என்றாள்.

கைபேசி அடித்தது. ருஸ்தெம். இந்த முறை வானிலை, முழங்கால் எதுவும் இல்லை.

"அனுப்பிட்டேன்ணே, இரும்போட. மீதி முப்பத்தொன்பது பேருக்கு எவ்வளவு நாள் ஆகும்?"

எட்டு வாரம் என்றான் ஒரின்பாய். ஆறு வாரம் என்றான் ருஸ்தெம். ஏழில் முடிந்தது.

திங்கட்கிழமை காலை ஒரின்பாய் பட்டறைக்கு நடந்தே போனான், வரவில்லை என்று சொல்ல. லிதியா கார்லொவ்னா பல்செட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டாள். அப்படியானால் அந்த நாற்காலி இடத்தை அடைக்கிறது, எடுத்துப் போ, பூனைக்கு வேறு பார்த்துக்கொள்கிறேன் என்றாள். பதினான்கு வருடம் உட்கார்ந்த சுழல் நாற்காலி. அதைப் பேருந்தில் ஏற்ற நடத்துநரம்மா மறுத்து, பிறகு அதில் அவளே உட்கார்ந்து இரண்டு நிறுத்தம் வந்தாள்.

வீட்டில் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்ததும் நாற்காலி கிறீச்சிட்டது. ஒரின்பாய் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தகர டப்பாவை எடுத்து அடியில் இரண்டு சொட்டு விட்டான்.

மாலையில் வந்த உல்தானா மோப்பம் பிடித்தாள்.

"வீரனுக்குக் குடுத்த எண்ணெயை யாரு எடுத்தது?"

"ரெண்டே சொட்டுதான்."

"இன்னும் முப்பத்தொன்பது பேரு இருக்காங்க அத்தான்," என்றவள் நாற்காலியைச் சுற்றி வந்து பார்த்தாள். புதிதாக வந்த சாமான். கைப்பையைத் திறந்து, அந்தப் பழைய பொத்தானை எடுத்து, இருக்கையின்மேல் வைத்தாள்.